பின்னால் வரும் வண்டி

பத்தொன்பது வருடம்
இந்தச் சாலையை உட்கார்ந்தே கடந்திருக்கிறேன்.
வலது கால் மட்டும் உழைத்தது,
இடது கால் சம்பளம் வாங்கியது.
இன்று இரண்டுக்கும் வேலை.

கடல் என்கிறோம். அது ஆறு.
மறுகரை தெரியாத, பால் குறைத்த தேநீர் நிறத்தில் ஓர் ஆறு.
மோன்தேவிதேயோவில்
யாரும் அதைத் திருத்திச் சொல்வதில்லை.

எண் 2417. ஊக்குகள் நான்கு.
ஒன்று விரலைக் குத்தியது.
ஒன்றை யாரோ இரவல் கேட்டார்கள்.
மூன்றில் தொங்கிய எண்
தென்கிழக்குக் காற்றில்
நாய்க்காது போல அடித்துக்கொண்டிருந்தது.

வெடிச்சத்தம்.
கூட்டம் என்னைத் தூக்கிக்கொண்டு போனது.
இன்ஜின் சூடாகுமுன் நாலாம் கியர் போடாதே என்று
புதிய ஓட்டுநர்களுக்குச் சொல்பவள் நான்.
போட்டேன்.

கலங்கரை விளக்கத்தருகே விலாவில் ஒரு பிடிப்பு.
தூண்டில்காரர்கள் மீனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்கள்.
குழந்தை வண்டியைத் தள்ளியபடி
ஒருவன் என்னைத் தாண்டினான்;
உள்ளே குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.
"மூக்கால் இழுங்கள், வாயால் விடுங்கள்" என்றான்,
திரும்பிக்கூடப் பார்க்காமல்.
மனசுக்குள் அவனைத் திட்டினேன்.
பிறகு மூக்கால் இழுத்தேன்.

த்ரூவீல் வளைவு. ஒரு நாளைக்கு எட்டு முறை திருப்புகிறேன்.
அங்கே ஓர் ஏற்றம் இருக்கிறதென்று
பேருந்து எனக்குச் சொன்னதே இல்லை.

போசித்தோஸில் சுவர்மேல் ஜனங்கள்,
கக்கத்தில் வெந்நீர்க் குடுவை, கையில் மாத்தே.
கைதட்ட ஒரு கை காலியில்லாததால்
தொடையில் தட்டினார்கள்.
பிறகு தட்டவில்லை.
பிறகு தண்ணீர் மேசையை மடித்தார்கள்.
பிறகு எனக்குப் பின்னால் யாருமில்லை.

கீச்.
விசிறிப் பட்டையின் அந்தக் கீச்சை
தூக்கத்திலும் அடையாளம் சொல்வேன்.
என் வண்டி.
ஞாயிற்றுக்கிழமைக்கு வால்தெமாரிடம் கொடுத்திருக்கிறார்கள்,
விழுந்தவர்களைப் பொறுக்கிக்கொண்டு வர.
ஜன்னல்களில் போர்வை சுற்றிய ஏழெட்டுப் பேர்,
கண்ணாடியில் நெற்றி சாய்த்து.

பக்கத்தில் வந்தான். கதவு பெருமூச்சுடன் திறந்தது.
"ஏறு எர்மெலிந்தா. டிக்கெட் வேண்டாம்."

உள்ளே என் இருக்கையின் நுரை மெத்தை தெரிந்தது,
என் முதுகின் குழியோடு.
இவ்வளவு அழகாக அதை நான் பார்த்ததில்லை.

"ஓடும் வண்டியில் கதவைத் திறக்காதே.
விதிமீறல்" என்றேன்.
மூன்று மூச்சில் சொன்னேன்.

மூடினான்.
வண்டி பின்தங்கியது.
வெகுநேரம் கீச்சைக் காணோம்.
மறுபடி நெருங்கியது, மறுபடி தேய்ந்தது.
புசேயோ துறைமுகம் தாண்டித்தான் புரிந்தது:
அவன் நிறுத்தம்தோறும் நிற்கிறான்.
ஆளில்லாத நிறுத்தத்தில் கதவைத் திறக்கிறான்,
காத்திருக்கிறான்,
மூடுகிறான்.
உள்ளே யாரோ கத்துகிறார்கள்.
நான் திரும்பிப் பார்க்கவில்லை.
பார்த்தால் நன்றி சொல்ல வேண்டியிருக்கும்,
அதற்கு மூச்சு இல்லை.

மால்வினில் முடிவு வளைவின் காற்று இறங்கிக்கொண்டிருந்தது.
ஒருவர் அதைக் கையால் தூக்கிப் பிடிக்க
குனிந்து நுழைந்தேன்.
பதக்கப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த பெண்
எழுந்து, உள்ளே துழாவி, ஒன்றை எடுத்துத் தந்தாள்.
வாழைப்பழம் தீர்ந்துவிட்டதாம்.
வால்தெமார் ஹாரனை ஒருமுறை அடித்தான்.
குடியிருப்புப் பகுதியில் அதுவும் விதிமீறல்.

திங்கள் காலை, ஆறு பத்து.
பக்கக் கண்ணாடியில் ஒருவன் ஓடி வருகிறான்,
ஒரு ஷூவின் கயிறு அவிழ்ந்து.
வழக்கமாகக் கிளம்பிவிடுவேன்.
நின்றேன்.
நல்லவளாகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்;
தொடை வலியில் கால் பெடலுக்குப் போக மறுத்தது.

ஏறினான். கம்பியைப் பிடித்தான்.
இன்னொரு கையால் விலாவை.
பேச்சு வரவில்லை அவனுக்கு.

"மூக்கால் இழு" என்றேன்,
கண்ணாடியைப் பார்த்தபடி.